சேற்றை வெளியே எறியும் மூடி

முதலில் நின்றது ஆர்டர். வக்கீல் நோட்டீஸ் மறுநாள்தான் வந்தது.

அன்று காலை மந்தாரக்குப்பத்தில் சாஹிராவின் பட்டறையில் இரண்டு லேத்தும் ஓடிக்கொண்டிருந்தன. திருவக்கரைப் பக்கம் ஜல்லி கிரஷர் நடத்தும் ஜெயராமன் போனில் கூப்பிட்டார். ஜல்லி போகிற பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களை அவர் அவளிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இந்த மாசம் ரோலர் அனுப்பாதீங்க.”

“ஏங்க சார், எதுனா கம்ப்ளைன்ட்டா?”

“ரோலர்ல ஒண்ணும் இல்லம்மா. ஒரு கம்பெனிக்காரங்க எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. ரோலர் முனையில நீங்க போடற அந்த மூடி அவங்களோட பேட்டன்ட்டாம். உங்ககிட்ட வாங்குனா என் மேலயும் கேஸ் போடுவாங்களாம். நான் கிரஷர் நடத்தறதா, கோர்ட்டுக்கு அலையறதா, நீங்களே சொல்லுங்க.”

“எந்தக் கம்பெனிங்க சார்?”

“செந்தில்நாதன்னு போட்டிருக்கு. கடலூர் ஆளு.”

சாஹிரா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, லேத்தை நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினாள். அந்த மூடியை வரைந்தது அவள். கடைந்தது அவளுடைய பட்டறை. செந்தில்நாதன் இதே பட்டறையில், இதே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போன ஆள்.

நெய்வேலிப் பக்கம் பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது யாருக்கும் நினைவுக்கு வராது. சுரங்கத்திலிருந்து மண்ணும் பழுப்பு நிலக்கரியும் மைல் கணக்கில் பெல்ட்டில்தான் போகின்றன. அந்தப் பெல்ட்டைத் தாங்கி உருள்பவை ரோலர்கள். மழைக்காலத்தில் கரித்தூள் குழம்பாகி ரோலரின் இரண்டு முனையிலும் உள்ள பேரிங்குக்குள் புகுந்துவிடும். கிரீஸ் கெட்டு ரோலர் கிறீச்சிடும், பிறகு சுற்றாமல் நின்றுவிடும். நின்ற ரோலர் மேல் பெல்ட் உரசிச் சூடேறினால் நெருப்புகூடப் பிடிக்கலாம். அப்படிப்பட்ட ரோலர்களைக் கழற்றிப் பழுது பார்த்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் மந்தாரக்குப்பத்தைச் சுற்றிப் பல உண்டு. சாஹிராவுடையது அதில் ஒன்று.

அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். படிப்பு முடிந்து அப்ரண்டிசாக ஒரு வருடம் வேலை பார்த்தாள். அதற்குமேல் பெர்மனன்ட் வேலை எதுவும் அமையவில்லை. கல்யாணமாகி வந்தபோது கணவர் ஹபீப் முகமதுவுக்குக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் பழைய சிமென்ட் மூட்டை போட்டு வைக்கும் தகரக் கொட்டகை. அதைக் காலி செய்து கொடுங்கள் என்று கேட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டாள். “பாய் வூட்டம்மா லேத் ஓட்டுது” என்று கொஞ்ச நாள் பேசிவிட்டுத் தெருவும் ஓய்ந்துவிட்டது.

ஒரே ரோலர் ஒவ்வொரு மழைக்கும் திரும்பித் திரும்பி வருவது அவளுக்குப் பொறுக்கவில்லை. பேரிங்கை மாற்றிக் கொடுத்தால் கூலி கிடைக்கும், அடுத்த மழையில் மறுபடி கிடைக்கும். அப்படியே போகட்டும் என்று விடவும் முடியவில்லை. சேறு உள்ளே போகாமல் தடுக்க ஒரு மூடி செய்தாள். அது உருகியது. அடுத்தது சேற்றைத் தடுப்பதற்குப் பதில் உள்ளேயே தேக்கி வைத்தது. அதற்கடுத்தது பேரிங்கையே கடித்துவிட்டது. கடைசியில் நைலானில், உட்பக்கம் சாய்வான பள்ளங்கள் வெட்டிய ஒரு மூடி. ரோலர் சுற்றச் சுற்ற அந்தப் பள்ளங்கள் சேற்றை வெளிப்பக்கமாகவே தள்ளி எறிந்தன. எப்படித் தோன்றியது என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். சொல்வதற்கு அவளிடம் நல்ல கதை எதுவும் இல்லை. செய்து செய்து வந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் செந்தில்நாதன் வந்தார். பெரிய அளவில் ரோலர் செய்து விற்கும் கம்பெனி அவருடையது. பட்டறையில் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “நல்லா வந்தா நம்ம ரெண்டு பேரும் சேந்தே செய்யலாம்மா. டெஸ்ட்டுக்கு நாலஞ்சு பீஸ் குடுங்க” என்றார். கொடுத்தாள். அவருடைய இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் அளவு கேட்டார். வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு ஆறு மாதம் பேச்சே இல்லை. டெஸ்ட் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவளே மூடி போட்ட ரோலர்களைக் கிரஷர்காரர்களுக்கு விற்கத் தொடங்கினாள்.

இப்போது நோட்டீஸ் கையில் இருந்தது. ‘எங்கள் கட்சிக்காரரின் கண்டுபிடிப்பை’ என்று தொடங்கும் வரியை ஹபீப் இரண்டாவது முறை வாசித்தபோது, சாஹிரா அதைப் பிடுங்கி மடித்துவிட்டாள்.

புதுச்சேரியில் காப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் மணிமொழி என்ற பெண்ணிடம் யாரோ அனுப்பி வைத்தார்கள். நாற்பது வயதுக்காரி. கேள்விகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கேட்பாள். செந்தில்நாதனின் விண்ணப்பத்தைக் கணினியில் திறந்து காட்டினாள். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரும் அவருடைய இன்ஜினியர் பெயரும் இருந்தன. கீழே வரைபடம். சாஹிரா போட்ட அதே சாய்வு, அதே பள்ளம்.

“இது இன்னும் விண்ணப்பம்தான். பேட்டன்ட் குடுக்கல” என்றாள் மணிமொழி. “குடுக்கறதுக்கு முன்னாடி இவர் கேஸ் போட முடியாது. இப்ப அனுப்புனது மிரட்டல். ஆனா குடுத்துட்டாங்கன்னா, விண்ணப்பம் வெளியான தேதியிலருந்து கணக்குப் பண்ணி நஷ்ட ஈடு கேக்கலாம்.”

“என்னோடத அவரு எப்படி மேடம் அவரு பேர்ல போட முடியும்?”

“போட்டுட்டாரு. நாம ஆட்சேபணை போடுவோம். அவர்கிட்ட நீங்க பீஸ் குடுத்தது, அவங்க இன்ஜினியர் அளவு கேட்டது, எல்லாம் வாட்ஸ்அப்ல இருக்கு. உங்ககிட்டருந்து எடுத்ததுன்னு நிரூபிக்கப் பாக்கலாம்.”

“அப்ப என் பேர்ல வந்துடுமா?”

“இன்னைக்கு நீங்க புதுசா விண்ணப்பம் போட்டா பிரயோஜனம் இல்ல. அவரு போட்டதுக்கு அப்பறம் நீங்களே ஊருக்கெல்லாம் வித்துட்டீங்க. வித்த பொருளு புதுசு இல்ல. அதனால அவரோட விண்ணப்பத்துலயே, அந்தப் பழைய தேதியிலயே, உங்க உரிமைய நிலைநாட்டணும். கஷ்டமான வழி. ஆனா வழி இருக்கு.” பேனாவைக் கீழே வைத்தாள். “ஒண்ணு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. அவரு விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடி, இந்த மூடிய வெளிய எங்கயாவது காட்டியிருக்கீங்களா? கண்காட்சி, பேப்பர், வீடியோ, எதுனா?”

“இல்லீங்க மேடம்.”

“காட்டியிருந்தா ரெண்டு பேருக்குமே கிடைக்காது. அதான் கேக்கறேன்.”

“இல்லீங்க” என்றாள் சாஹிரா மறுபடியும். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை.

ஆட்சேபணை போட்டார்கள். பதிலுக்குச் செந்தில்நாதனும் எழுதினார். நாள்கள் நகர்ந்தன. கிரஷர்காரர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு லேத்தின் மேல் துணி போட்டு மூட வேண்டியதாயிற்று. அந்த லேத்தில் நின்ற ஆள் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். ஹபீப் கடையில் யாராவது வந்து “பின்னாடி என்ன பாய், சத்தமே காணோம்?” என்று கேட்டால், “கரண்ட் இல்ல” என்பார். கேட்டவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

விசாரணைக்குத் தேதி குறித்து வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு முற்பகலில் செந்தில்நாதனே கடைக்கு வந்து நின்றார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை, முகத்தில் கோபமும் இல்லை.

“பாய், வீட்டம்மாவக் கூப்பிடுங்க. சண்டைக்கு வரல.”

சாஹிரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவரே ஆணி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, உங்க பேரப் போடாதது தப்புதான். எங்க ஆளுங்க அவசரப்பட்டுட்டாங்க. நான் திருத்திக்கறேன். கண்டுபிடிச்சவங்கன்னு உங்க பேரு முதல்ல வரும். பேட்டன்ட்ல நீங்களும் பங்கு. விக்கற ஒவ்வொரு ரோலருக்கும் உங்களுக்கு வரவேண்டியது வரும். எழுதியே தரேன்.”

“இப்ப எதுக்கு இந்த நல்ல மனசு?” என்றாள் சாஹிரா.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். திரையில் ஒரு வீடியோ. பின்னால் மாலை போட்ட லேத், அதன் மேல் சந்தனப் பொட்டு. முன்னால் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாஹிராவே நின்றாள். கையில் மூடி.

அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை அன்று எடுத்தது. பட்டறை ஆட்கள் பூஜை போட்டு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். வேலை இல்லாத நேரம். அப்போது அவளிடம் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ராயப்பன், “அக்கா, இத்த ஒரு தபா எடுத்துச் சொல்லு, என் சேனல்ல போட்டுடறேன்” என்றான். லேத் வேலையைப் பற்றி அவன் யூடியூபில் சின்னச் சின்ன வீடியோ போடுவான். பார்ப்பவர்கள் அவனுடைய சொந்தக்காரர்களும் இன்னும் கொஞ்சம் பேரும்தான். பேசினாள். மறந்தும் போனாள்.

“நான் விண்ணப்பம் போட்டது அந்தக் கார்த்திகையில” என்றார் செந்தில்நாதன். “வீடியோ அதுக்கு முன்னாடி. இது பேட்டன்ட் ஆபீசுக்குத் தெரிஞ்சா எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. ஊருல போறவன் வர்றவன் எல்லாம் செய்வான். அந்த ராயப்பன்கிட்ட ஆளு அனுப்பிப் பாத்தேன். வீடியோவ நீக்க மாட்டேன்னுட்டான். நீங்க சொன்னா எடுப்பான்.”

அவர் எழுந்தார். “விசாரணைக்கு முன்னாடி முடிச்சுருங்க. அப்பறம் உங்க வக்கீலம்மாவும் என் வக்கீலும் உக்காந்து எழுதிக்கட்டும்.”

அவர் போன பிறகு ஹபீப் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். இருவரும் உள்ளே நின்றபடியே அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தார்கள். “இது சேத்த உள்ள வாங்காது, வெளிய எறிஞ்சிடும். பாருங்க, இந்தப் பள்ளம் எப்படிச் சாஞ்சிருக்கு” என்று வீடியோவில் சாஹிரா மூடியைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“எடுத்துடச் சொல்லு” என்றார் ஹபீப்.

“திருட்டுத்தனங்க அது.”

“யாரு திருடுனா? ஒன்னோடத அவன் எடுத்தான். இப்ப அவனே திருப்பித் தரேங்கறான். யாரு சொத்தையும் நாம எடுக்கலயே.”

“மணிமொழி மேடம்கிட்ட எங்கயும் காட்டலன்னு சொல்லியிருக்கேன். கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

“மறந்து போய்த்தானே சொன்ன?”

“அப்ப மறந்துட்டேன். இப்ப ஞாபகம் இருக்கே.”

ஹபீப் கல்லாவில் இருந்த காலி டீ டம்ளரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில், “மூணு வருசமா நீ அத்தோட மல்லுக்கட்டுனத நான் பாத்தேன் சாஹிரா. கையில ஒண்ணும் இல்லாம போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் குள்ளஞ்சாவடிக்குப் பஸ் ஏறினாள். ராயப்பன் அவளிடமிருந்து விலகி அங்கே சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான். விலகியது சண்டையில் இல்லை. ஆனால் போகும்போது அவளுடைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் அவன் பின்னால் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. பஸ் முழுக்க அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். ‘ராயப்பா, ஒரு சின்ன உதவி.’ ‘ராயப்பா, அந்த வீடியோவால எனக்கு ஒரு சிக்கல்.’ எப்படிச் சொன்னாலும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

கடைத்தெருவிலிருந்து உள்ளே தள்ளி, சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. ராயப்பன் அவளைப் பார்த்ததும் மெஷினை அணைத்தான்.

“வா அக்கா. என்னாக்கா, தனியா வந்துகீற? பாய் வரல?”

“அவரு கடையில இருக்காரு.”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. வேலை மேசையில் ரோலர்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் நைலான் மூடி. சாய்வான பள்ளம். அவளுடைய மூடி.

ராயப்பன் அவள் பார்வையைப் பார்த்தான். “ஒன்கிட்ட கேக்காமதான் போட்டுகினு இருக்கேன். கோவமா?”

“எனக்குத் தெரியாது நீ செய்றன்னு.”

“வேற மூடி போட்டா மழைக்குத் தாங்கல. திருப்பிக் கொண்டாந்து மொகத்துல வீசறானுங்க. இத்த ஒன்கிட்டதான் கத்துகினேன். அப்பறம் வேற எத்தச் செய்யறது?” பிறகு அவனே சொன்னான். “அந்த வீடியோ விசயமாத்தான் வந்துகீற. தெரியும். கடலூருக்காரன் ஆளு வந்தான். எடுத்துடு, எதுனா வாங்கிக்கோன்னான். போயான்னுட்டேன்.”

“ஏன் எடுக்கல?”

“அத்த எடுக்கச் சொல்ல அவன் யாரு? அதுல கீறது நீ.”

சாஹிரா சுவரில் சாய்ந்தாள். வந்த காரியத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் வராது. சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வீடியோ இருந்தால் தனக்கு எதுவும் இல்லை என்றாள், இல்லாவிட்டால் தன் பெயர் முதலில் வரும், பங்கு வரும் என்றாள்.

ராயப்பன் கையில் இருந்த எண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். போனைத் திறந்து, வீடியோவை எடுத்து, நீக்கு என்ற இடம் வரை போய், அவளிடம் நீட்டினான்.

“என் கையால செய்ய மனசு வரல. நீ சொன்னத நான் எடுத்தேன், அவ்ளோதான. நீயே எடுத்துடு.”

வாங்கினாள். திரையில் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது. கட்டை விரல் அதன் மேல் நின்றது. வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன்க்கா” என்றான் ராயப்பன். மேசையில் கிடந்த ரோலர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “வீடியோ போயிட்டா, அப்பறம் இத்த நான் செய்யலாமா?”

பதில் சொன்னால் ‘கூடாது’ என்றுதான் சொல்ல வேண்டும். அவள் விட்டாலும் செந்தில்நாதன் விடமாட்டார். ஜெயராமனுக்கு வந்தது போல ஒரு நோட்டீஸ் இந்த ஒற்றை அறைக்கும் வரும். அதில் ‘எங்கள் கட்சிக்காரர்கள்’ என்று இருக்கும். கட்சிக்காரர்களில் ஒருத்தி அவளாக இருப்பாள்.

விரல் வலித்தது. எவ்வளவு நேரம் அப்படியே தூக்கிப் பிடித்திருந்தாள் என்று தெரியவில்லை. திரை தானாக இருண்டது.

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். “இருக்கட்டும்” என்றாள். அவளுக்கே அந்தக் குரல் கோபமாகக் கேட்டது. அவன் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மணிமொழிக்குப் போன் போட்டாள். “மேடம், நான் ஒரு தப்பான தகவல் குடுத்துட்டேன்” என்று ஆரம்பித்தவள், முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“எனக்கு இப்ப தெரிஞ்சுபோச்சு” என்றாள் மணிமொழி. “இனிமே அத மறைச்சு நான் ஒரு வரி எழுத மாட்டேன். வேற ஆளு பாக்கணும்னா பாத்துக்கங்க.”

“மறைக்கச் சொல்லல மேடம். அதையே போடுங்க.”

“போட்டா உங்களுக்கும் போயிடும். புரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“புரிஞ்சுதான்.”

“அவரு விண்ணப்பம் விழும். நீங்க தொடர்ந்து செய்யலாம். ஆனா அவரும் செய்வாரு. யார் வேணா செய்வாங்க.”

“தெரியும் மேடம். போடுங்க.” பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது.

அன்று வீட்டில் ஹபீப் கோபித்துக்கொள்ளவில்லை. அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது. பிறகு ராயப்பன் புதுச்சேரிக்கு வந்து, வீடியோ தான் எடுத்தது, தான் போட்டது என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தான். செந்தில்நாதனுக்கு அதன் பிரதி போன அன்று அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘பெரிய முட்டாள்தனம் பண்ணிட்டீங்கம்மா.’

விசாரணை வீடியோ கால் மூலம் நடந்தது. மணிமொழியின் அலுவலகத்தில், கணினிக்கு முன்னால் சாஹிராவும் ஹபீப்பும் உட்கார்ந்திருந்தார்கள். ஹபீப் வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். காலையில் அவரே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் அதிகாரி, ஒன்றில் செந்தில்நாதனின் வக்கீல், இன்னொன்றில் செந்தில்நாதன். அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை.

வக்கீல் கெட்டிக்காரர். அந்த வீடியோவை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் பார்த்திருக்கிறார்கள், அதைப் பொதுமக்களுக்குத் தெரிந்தது என்று எப்படிச் சொல்வது என்றார். வீடியோவில் தெரிவது மூடியின் வெளிப்பக்கம்தான், கண்டுபிடிப்பு இருப்பது உள்ளே உள்ள பள்ளத்தில் என்றார். எதிர்ப்பவரே முதலில் ‘எங்கும் காட்டவில்லை’ என்று கையெழுத்துப் போட்டவர், இப்போது மாற்றிப் பேசுகிறார், யாரை நம்புவது என்றார்.

கடைசியில் சொன்னது சாஹிராவைச் சுட்டது. அது உண்மையும்கூட. மேசைக்கு அடியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் இணைப்பு அறுந்து திரை உறைந்தது. திரும்ப வந்தபோது மணிமொழி பேசிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கேள்வி இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. என் கட்சிக்காரர் மறந்தது உண்மை. அதை அவரே திருத்திச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை நம்ப வேண்டாம். வீடியோவையே பாருங்கள்.”

வீடியோ ஓடியது. மாலை போட்ட லேத், சந்தனப் பொட்டு. மூடியைத் திருப்பும் இடத்தில் அதிகாரி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் போகச் சொன்னார். மறுபடி ஓடியது. “பாருங்க, இந்தப் பள்ளம் எப்படிச் சாஞ்சிருக்கு.” திரை முழுவதும் அந்த மூடியின் உட்பக்கம். ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது.

தன் கண்டுபிடிப்பு இனி தனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைத் தன் வாயாலேயே, தன் சந்தோஷமான குரலிலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சாஹிரா. கண் கலங்கியது. ஹபீப் மேசைக்கு அடியில் கையை நீட்டி, அவள் முறுக்கிக்கொண்டிருந்த தலைப்பை மெல்ல விடுவித்தார்.

உத்தரவு வரச் சில வாரம் ஆனது. செந்தில்நாதனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூடி அந்தத் தேதிக்கு முன்பே வெளியே தெரிந்த ஒன்று என்று எழுதியிருந்தது. யார் கண்டுபிடித்தது என்ற கேள்விக்குள் உத்தரவு போகவே இல்லை. போகத் தேவையில்லாமல் போய்விட்டது. அந்த ஒரு வரி இருக்கும் என்று சாஹிரா எதிர்பார்த்திருந்தாள். பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். இல்லை.

ஜெயராமனுக்கு உத்தரவின் பிரதியை அனுப்பினாள். அவர் அன்றே கூப்பிட்டார். “கேஸ் முடிஞ்சுதா? அப்ப அனுப்புங்கம்மா, மழை வருது.” துணி போட்டு மூடியிருந்த லேத் மறுபடி ஓடியது. ஆனால் மணிமொழி சொன்னதுபோலவே செந்தில்நாதனும் மூடியைச் செய்தார். பெரிய கம்பெனி, அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் போட்டு விலையைக் குறைத்தார். சாஹிராவின் வாடிக்கையாளர்களில் சிலர் அங்கே போனார்கள். மந்தாரக்குப்பத்துப் பட்டறைகள் இரண்டு மூன்றிலும் அதே மூடி வந்துவிட்டது. ஒருநாள் யாரோ ஒரு பட்டறைக்காரர் அவளிடமே அதை விற்க வந்தார். புது மாடல், சேற்றை வெளியே எறிந்துவிடும் என்று விளக்கினார். கடைசிவரை கேட்டுவிட்டு, “நல்லா இருக்குங்க” என்று அனுப்பிவைத்தாள். ஹபீப் உள்ளே வந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் பட்டறை தாக்குப்பிடித்தது. அவள் ரோலர் நன்றாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவளிடமே வந்தார்கள். மணிமொழியின் யோசனைப்படி பட்டறையின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்து, ஒவ்வொரு ரோலரிலும் அச்சடிக்க ஆரம்பித்தாள். மூடியை யாரும் செய்யலாம், அந்தப் பெயரை யாரும் போடக் கூடாது. ராயப்பன் மாதம் ஒருமுறை நைலான் வாங்க மந்தாரக்குப்பம் வருவான். வந்தால் பட்டறையில் தலை காட்டாமல் போகமாட்டான். வீடியோ எடுக்கட்டுமா என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

இந்த வருடம் மழைக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை சாஹிரா புதுச்சேரிக்குத் தனியாகப் போனாள். பெல்ட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஈரக் கரியைச் சுரண்டி எடுக்கும் கத்தி ஒன்றை அவள் மாதக்கணக்கில் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அது வேலை செய்தது. ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் மட்டும் பரிசோதித்தாள். வரைபடத்தைப் பட்டறையில் வைக்கவில்லை. மணிமொழியின் மேசையில்தான் முதல்முறையாக அதை விரித்தாள். அன்றே பேட்டன்ட்டுக்கான முதற்கட்ட விண்ணப்பம் போனது.

திரும்பி வந்தபோது ஹபீப் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“எங்க போன?”

“மேடமப் பாக்க.”

“மறுபடியும் கேஸா?” தராசை அப்படியே விட்டார்.

“கேஸ் இல்லீங்க. ஒண்ணு புதுசா.”

“என்னது?”

சாஹிரா வாயைத் திறந்தாள். கடையில் வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றார்கள். வெளியே பைக்கில் சாய்ந்து ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பறம் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.